ஓத முடிந்தவர் பேச முடியாதபோது





பாரிசவாதம் கண்டு வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒரு மாடி வீட்டில் அவர் சாய்கதிரையில் அமர்ந்திருக்கிறார். ஒரு பிளேன்டீ கேட்க நினைக்கிறார். சொல் வாயில் வரவில்லை. ஆனால் மஃரிப் நேரத்தில் ஸூரத்துல் பாத்திஹாவைத் தடையின்றி ஓதுகிறார். "ஓத முடிகிறது, பேச மட்டும் முடியாதா? வாப்பாவுக்குப் பிடிவாதம்" என்று வீட்டார் தீர்ப்பளித்து விடுகின்றனர்.

அத்தீர்ப்பு அநீதியானது. மனனமாகி, பல்லாண்டு நாவிலே பழகிய வசனங்களும் எண்களின் வரிசையும் கிழமைகளின் பெயர்களும் தாமாகவே வெளிவரக்கூடியவை. ஒரு சொல்லைத் தேடியெடுத்துப் புதிதாக வாக்கியம் அமைப்பதோ வேறு வேலை. பெரும்பாலானோரில் அவ்வேலைக்கு மூளையின் இடப்பாதியே பொறுப்பு. ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வேறுபாட்டை விளக்கினார்.

1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது "டான்" என்ற ஓரசை மாத்திரமே. எனினும் எண்ணிக்கையைக் கேட்டபோது விரல்களை விரித்துக் காட்டினார். சொல் போயிருந்தது, அறிவு போகவில்லை. இதை உணராமல்தான் நாம் அத்தகையோரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம். அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் விசாரிக்கிறோம்.

"ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் பேச்சு வரும்" என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவானது என்பது மெய்யே. ஆயினும் 2017இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று, பாரிசவாதம் ஏற்பட்டு ஆறு மாதமோ அதற்கு மேலோ கடந்த 150க்கும் அதிகமானோரைச் சேர்த்துக்கொண்டது. வாரத்துக்குப் பத்து மணித்தியாலமோ அதற்கு மேலோ, குறைந்தது மூன்று வாரங்கள் பேச்சுப் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு தெளிவாக முன்னேறியது. பயிற்சிக்காகக் காத்திருந்த காலத்தில் மற்றவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் சென்று வருவது மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள். எஞ்சிய நாட்களின் பயிற்சி வீட்டிலேதான் நடக்க வேண்டும்.

தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் நமக்கு இன்னோர் ஆய்வும் பயன்தரும். உருதும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கும் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் பாரிசவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். சிந்தனைத் திறன் குன்றாதிருந்தோர் ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களில் 19.6 வீதம், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்களில் 40.5 வீதம். ஆனால் பேச்சிழப்பு ஏற்படும் அளவில் இரு சாராரிடையே வித்தியாசமில்லை. ஆகவே பன்மொழி அறிவைத் தாயத்தாக எண்ண வேண்டாம்.

இளைஞர்களே, உங்கள் பங்கு இங்கேதான். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரே அமருங்கள். கேள்வியைச் சுருக்கிக் கேளுங்கள், பின்னர் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும். அவருக்கோ அது தேடுவதற்கான நேரம். அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகள், கடை, பள்ளிவாசல் ஆகியவற்றின் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லப் பழக்குங்கள். ஓதுவதையும் நிறுத்த வேண்டாம்; தன் குரலைத் தானே கேட்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

பெற்றோர்களே, வீடு திரும்புமுன் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு வைத்தியரைக் கேளுங்கள். ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இத்துறையினரைப் பயிற்றுவிக்கிறது. முதற் சந்திப்பிலேயே, நோயாளி வீட்டில் எம்மொழி பேசினார், கடையில் எம்மொழியில் வியாபாரம் செய்தார், மனக்கணக்கை எம்மொழியில் போட்டார் என்பதைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள்.