காயமடைந்த தொழிலாளியின் உரிமை



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! அன்பிற்குரிய இளைஞர்களே!

ஸுபஹ் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, உம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலுடன் வேலைத்தளத்திற்குப் புறப்படும் ஓர் இளைஞனை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். அவன் ஒரு மேசனுக்கு உதவியாளாக நாட்சம்பளத்திற்கு வேலை செய்பவன். மூன்றாம் மாடியின் வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறது. அவன் நின்ற பலகை நழுவுகிறது. கீழே விழுந்த அவனது முள்ளந்தண்டு பாதிக்கப்படுகிறது. இனி அவனால் முன்போல் பாரம் தூக்க முடியாது என வைத்தியர்கள் கூறிவிடுகின்றனர்.

மூன்றாம் நாள் கொந்தராத்துக்காரர் வைத்தியசாலைக்கு வருகின்றார். ஆறுதல் சொல்கின்றார். தாயின் கையில் ஒரு தொகைப் பணத்தைக் கொடுத்து, ஒரு கடதாசியில் கையொப்பமும் பெற்றுக்கொள்கின்றார். "இனிமேல் எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதப்பட்டிருப்பதை அந்தத் தாய் வாசிக்கவில்லை. "நல்ல மனிதர், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக" என்று துஆச் செய்து அனுப்பி வைக்கின்றார். சில மாதங்களில் அந்தப் பணம் மருந்துக்கும் வாகனக் கூலிக்கும் தீர்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் அந்தக் குடும்பம் பள்ளிவாசல் வாசலில் உதவிக் கடிதத்துடன் நிற்கின்றது.

இது கற்பனையாக நான் கூறிய காட்சிதான். ஆனால் இதனைக் கேட்கும்போது உங்கள் ஊரில் யாரோ ஒருவரின் முகம் உங்கள் நினைவில் வந்து போயிருக்கும்.

அன்பானவர்களே! இங்கு இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே வேரூன்றியுள்ளன. முதலாவது, விபத்துக்குப் பின் முதலாளி கொடுப்பது ஸதகா என்ற எண்ணம். இரண்டாவது, "இது கத்ர், இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது பொறுமைக்கு மாற்றமானது" என்ற எண்ணம். கத்ரை நம்புவது நமது ஈமானின் ஓர் அங்கம். ஆயினும் கடன் கொடுத்தவர் தனது கடனைத் திருப்பிக் கேட்பதை எவரும் ஈமானுக்கு மாற்றமானது என்று கூறுவதில்லையே! தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், வேலை செய்யும்போது அவன் சிந்திய இரத்தத்திற்குரியதை மட்டும் தர்மம் என்று கருதலாமா?

நமது நாட்டின் சட்டமும் இதனைத் தர்மமாகக் கருதவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதனை ஓர் உரிமையாகவே வகுத்துள்ளது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்தினால் ஒருவர் காயமுற்றால், நட்டஈடு செலுத்தும் பொறுப்பு தொழில் வழங்குநருக்குரியது. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இதில் இல்லை. தொழிலாளியின் சாதாரண கவனக்குறைவும் இந்த உரிமையைப் பறித்துவிடாது. மதுபோதையில் இருந்தமை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியமை போன்ற சில சந்தர்ப்பங்களிலேயே தொழில் வழங்குநர் மறுப்புக் கூற இடமுண்டு.

"எனக்கு நியமனக் கடிதம் இல்லையே, நான் நாட்சம்பளக்காரன்தானே" என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வேலை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்வார்த்தையும் ஒப்பந்தமே. கட்டட நிறுவனமொன்று தனது வேலையின் ஒரு பகுதியைத் துணைக் கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைத்திருந்தால், அவரது ஆட்கள் காயமுறும்போது அந்தப் பிரதான நிறுவனத்திடமும் நட்டஈடு கோர முடியும். 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம், வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் ஏற்படும் விபத்துகளும் இச்சட்டத்தினுள் கொண்டுவரப்பட்டன. அதே திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. வைத்தியசாலைக் கட்டிலருகே கொடுக்கப்படும் சில ஆயிரங்களை இத்தொகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் அந்தத் தாய் இட்ட கையொப்பத்தின் நிலை என்ன? நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி செய்துகொள்ளும் உடன்படிக்கை அந்த உரிமையை அழித்துவிடாது என்பதே இச்சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே கையொப்பமிட்டுவிட்டோமே என்று எவரும் மனம் தளர வேண்டாம். அக்கடதாசியின் பிரதியுடன் ஒரு சட்டத்தரணியை அணுகுங்கள். தொழிலாளி மௌத்தாகிவிட்டால், நட்டஈட்டுப் பணம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட வேண்டும். அவரே அதனைத் தங்கி வாழ்ந்தோரிடையே பகிர்ந்தளிப்பார். ஜனாஸா வீட்டில் இரகசியமாகக் கொடுக்கப்படும் உறை இதற்கு ஈடாகாது. விதவையினதும் யத்தீம்களினதும் பங்கு எவரது கையிலும் மறைந்துவிடாதிருப்பதற்கான பாதுகாப்பு இது.

இளைஞர்களே! இனி உங்களிடம் வருகின்றேன்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுமாறும் சாட்சிகளை ஏற்படுத்துமாறும் அவ்வசனம் பணிக்கின்றது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்கின்றது. பொறுப்பாளியால் சொல்ல இயலாதபோது அவருக்காக அவரது பாதுகாவலர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கின்றது. காயமுற்று நினைவிழந்து கிடக்கும் ஒரு தொழிலாளியின் விடயத்தில் இந்தப் படிப்பினை எவ்வளவு பொருத்தமானது! அவனால் சொல்ல முடியாது. அவனது உம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நீங்கள் என்ன செய்யப் போகின்றீர்கள்?

விபத்து நடந்த அன்றே திகதி, நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, உடனிருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நழுவிய பலகையையும் உடைந்த இயந்திரத்தையும் அப்புறப்படுத்துமுன் புகைப்படம் எடுங்கள். வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, "வழுக்கி விழுந்தார்" என்று மாத்திரம் கூறாமல், வேலைத்தளத்தில் எவ்வாறு விழுந்தார் என்பதை உள்ளபடி கூறுங்கள். நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்து அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், சம்பளம் எழுதப்பட்ட கொப்பி ஆகிய எதையும் எறிந்துவிடாதீர்கள். விபத்தைத் தொழில் வழங்குநருக்குத் தாமதமின்றி எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நட்டஈட்டுக் கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்குள் ஆணையாளரிடம் முன்வைக்க வேண்டும். "காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்து காலத்தைத் தவறவிட்டவர்களாக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவச சட்ட உதவி வழங்குவதற்காகவே உள்ளது. தொழில் வழங்குநரின் பாரதூரமான அலட்சியத்தால் விபத்து நேர்ந்திருந்தால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் ஒரே காயத்திற்காக இரு வழிகளிலும் நட்டஈடு பெற இயலாது. ஆதலால் எந்த வழி என்பதைச் சட்டத்தரணியிடம் ஆலோசித்த பின்னரே தீர்மானியுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கின்றீர்கள். அத்துடன் தலைக்கவசம் கொடுக்கின்றார்களா, உயரத்தில் நிற்கும்போது பாதுகாப்புப் பட்டி உண்டா, ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டுகின்றார்களா என்றும் கேளுங்கள். முதலாளியின் பெயரையும் விலாசத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். வாப்பாவின் இந்தக் கேள்விகள் பிள்ளைக்குச் சங்கடமாகத் தோன்றலாம். ஆபத்து வேளையில் அவையே அவனுக்குத் துணையாகும்.

நம்மிடையே தொழில் வழங்குநர்களும் இருக்கின்றனர். கொந்தராத்துக்காரர்கள், ஆலைச் சொந்தக்காரர்கள், அரிசி ஆலை நடத்துவோர் ஆகியோருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொடுக்க வேண்டிய நட்டஈடு உங்கள் மீதுள்ள கடன். கடனைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதே குடும்பத்திற்கு ரமழானில் உலர் உணவுப் பொதி கொடுப்பதனால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா? உங்கள் மனச்சாட்சியிடமே கேட்டுப் பாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர் வாலிபர் சங்கங்களும் படிவங்களை நிரப்பவும் கடிதங்கள் எழுதவும் காயமடைந்தவரை அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லவும் இருவரையேனும் நியமிக்கட்டும். உதவி நிதி சேர்ப்பது நல்ல செயலே. ஆயினும் ஒருவரது உரிமையைப் பெற்றுக் கொடுத்தால், அவர் எவரிடமும் கையேந்தாமல் தலைநிமிர்ந்து வாழ முடியும்.

உழைத்து உண்ணும் கரங்களை அல்லாஹுத்தஆலா பாதுகாப்பானாக! காயமுற்றோருக்கு ஷிபாவையும், அவர்களது உரிமைக்காகப் பேசும் துணிவை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.