ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது



தைப்பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்துப் புதுப்பிப்பது நம் வழக்கம். ஆனால் அந்த வேலை நடக்கும் மார்கழி மாதம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர்கள் ஈரம் கோத்து நிற்கும் காலமாகும். அச்சமயம் விலை உயர்ந்த பெயின்டை அடித்துவிட்டு, சித்திரையில் அது செதில் செதிலாக உதிரும்போது பெயின்டைக் குறை சொல்கிறோம். குறை பெரும்பாலும் அதன் அடியிலுள்ள பரப்பில்தான் இருக்கிறது.

உப்புப் பூத்த சுவர்

சுவரின் அடிப்பகுதியில் வெண்மையாகப் பூப்பது செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பு. ஈரம் அதைக் கரைத்து மேலே கொண்டு வருகிறது. நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பெயின்டைத் தள்ளிவிடுகிறது. ஆகவே, முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா, குளியல் நீர் தேங்குகிறதா, சுவரை ஒட்டி எருவோ மண்ணோ குவிந்துள்ளதா என்று பாருங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்றறிய, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்பினால் ஈரம் இன்னும் இருக்கிறது. அத்தகைய சுவருக்குப் பொங்கலன்று சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். எண்ணெய்ப் பெயின்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். பெயின்ட் வேலையைப் பங்குனி, சித்திரைக்குத் தள்ளி வையுங்கள்.

சுண்ணாம்பும் கரியும்

பழைய சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடிக்க விரும்பினால், சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கையில் பொடி ஒட்டினால் அதைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன் அடிக்க வேண்டும். அடுப்படிச் சுவரின் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, நல்ல நீரால் அலசிக் காயவிடுங்கள். கரியின் மேல் நேராக அடித்தால் பழுப்புக் கறை ஊறி வெளியே தெரியும்.

இரும்பும் தகரமும்

சன்னல் கம்பியின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, அன்றைக்கே இரும்புக்குரிய பிரைமரை அடித்துவிட வேண்டும். ஓரிரவு விட்டாலும் பனியில் மீண்டும் துரு பிடிக்கும். துத்தநாகம் பூசிய தகரத்தில் எனாமலை நேராக அடித்தால் உரிந்துவிடும். துத்தநாகத் தகட்டுக்கென்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பெயின்டில் ஈயம்

இது மிக முக்கியமானது. 2016-ல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு முன் அடித்த கதவு, சன்னல்களில் பன்மடங்கு இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் நச்சுத் தூசி பறக்கும். தீயால் கருக்கினால் நச்சுப் புகை எழும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே நனைத்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கால்நடைக்கும் இதே ஆபத்து உண்டு. உரிந்த பெயின்டை நக்கும் கன்றுகள் ஈய நஞ்சால் பார்வை இழந்து, வலிப்புக் கண்டு இறக்கக்கூடும். ஆகவே சுரண்டிய செதில்களை எருக்குழியிலோ தொழுவத்தருகிலோ போடாதீர்கள். தீவனத் தொட்டியின் உட்புறத்திற்குப் பெயின்டே வேண்டாம்.

பெயின்ட் அடிப்பது ஒரு நாள் வேலை. பரப்பைத் தயார் செய்ய மூன்று நாளானாலும் பொறுத்துச் செய்யுங்கள். செலவழித்த பணமும் நிற்கும். பிள்ளைகளுக்கும் கன்றுகளுக்கும் தீங்கு வராது.