அடிச்ச கை மட்டுமல்ல, அடிக்கச் சொன்ன வாயும் கூண்டில் ஏறணும்!

(படவேட்டில் நடந்த விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாழைக்கு விலை கேட்டும், ஏரிக் கால்வாயைத் தூர்வாரக் கேட்டும் நாம் பலமுறை கூடியிருக்கிறோம். இன்னிக்கு வேற ஒரு கணக்குக் கேட்க வந்திருக்கிறோம். நம்ம ஜனங்களை அடிச்சு வதைச்சவன் மேல கேஸ் போடுறாங்க, சில சமயம். "அடி" என்று உத்தரவு போட்டவன் மேல ஏன் கேஸ் இல்லை? இதுதான் கேள்வி.

வாச்சாத்தியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தருமபுரி மாவட்டம், அரூர் தாலுகா, சித்தேரி மலை அடிவாரம். அங்கே இருக்கிறவர்களும் நம் ஜவ்வாது மலையில் இருக்கிற அதே மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தது. ஆணும் பெண்ணும் அடிபட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குழந்தைகளோடு சேர்த்து நூறு பேருக்கு மேல் ஜெயிலுக்குப் போனார்கள். வீட்டை உடைச்சான், ஆடு கோழியைத் தின்னான், தானியத்தை நாசம் பண்ணினான், குடிக்கிற கிணத்தைப் பாழாக்கினான். ஒரு கிணறு வெட்ட எத்தனை வருஷ உழைப்பு போகும் என்று விவசாயிக்குத் தெரியும்.

அந்த ஜனங்கள் விடலை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நின்றது. ஐகோர்ட்டு உத்தரவில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போச்சு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள்! வனத்துறையில் 126, போலீஸில் 84, வருவாய்த்துறையில் 5 பேர். ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் நாலு பேரும் அதில் உண்டு. 19 வருஷம் அந்தத் தாய்மார்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள்.

அப்பீல் போனார்கள். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூல் பண்ணு என்றார். அதோடு விடலை. அன்றைக்கு இருந்த மாவட்ட கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மூன்று பேர் மேலும் நடவடிக்கை எடு என்று அரசுக்கு உத்தரவு போட்டார். தெரிஞ்சும் கண்டுக்காம இருந்தது தப்பு என்றார். தோழர்களே, அந்தத் தீர்ப்பில் நாம் பிடிச்சுக்க வேண்டிய கயிறு இதுதான்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். 2015 ஏப்ரல் 7, திருப்பதி பக்கம் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டினார்கள் என்று ஆந்திரா அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. 12 பேர் நம் திருவண்ணாமலை மாவட்டம், 7 பேர் தருமபுரி, ஒருத்தர் சேலம். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்தே பிடிச்சுக்கிட்டுப் போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். ஒருத்தர் பஸ்ஸில் ஒரு பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பினார். உடம்பில் தீக்காயம் இருந்தது, வதைச்சுத்தான் கொன்றிருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கதறினார்கள். போளூர் பக்கத்து 6 பேர் உடலை எரிக்காமல் காத்திருந்து, கோர்ட்டுக்குப் போய் மறு பிரேதப் பரிசோதனை வாங்கினார்கள். மனித உரிமை ஆணையம் சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்றது. அதற்கும் ஐகோர்ட்டில் தடை வாங்கினார்கள். இன்னிவரை ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. மரம் வெட்டக் கூலிக்குப் போனவன் செத்தான். அனுப்பின முதலாளி எங்கே? சுடச் சொன்னவன் எங்கே?

சட்டத்தில் இடமில்லையா? இருக்கு. வாக்குமூலம் வாங்க அடிச்சால் குற்றம் என்று பழைய தண்டனைச் சட்டம் 330, 331இல் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 120இல் இருக்கு. குற்றம் செய்யத் தூண்டினவனுக்கும் அதே தண்டனை. "மேலிடத்து உத்தரவு" என்று கீழே இருக்கிறவனும் தப்ப முடியாது, சட்டவிரோத உத்தரவு உத்தரவே இல்லை. பிறகு எங்கே முட்டுது? அதிகாரி மேல் வழக்கு நடத்த அரசு அனுமதி வேணும் என்கிற பிரிவு. முன்பு 197, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 218. புதுச் சட்டத்தில் 120 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. இதை நாம் தெரிஞ்சு வச்சுக்கணும். ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதி செய்யலை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே செத்துப் போச்சு.

வெளிநாட்டில் நடக்குது. சிரியா நாட்டு உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஜெர்மனியில் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை. அவர் பொறுப்பில் இருந்த சிறையில் நடந்த வதைக்கு அவரே பதில் சொல்லணும் என்றது கோர்ட்டு. அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?

நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. யாரையாவது பிடிச்சுக்கிட்டுப் போனால், நேரம், வண்டி நம்பர், வந்தவர் பேர், யார் அனுப்பினது, எல்லாத்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, இதெல்லாம் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த உரிமை. மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் மனு போகணும். வாச்சாத்தி ஜனங்கள் ஜெயிச்சது அடையாளம் காட்டினதால்தான், பயப்படாமல் விரல் நீட்டினதால்தான்.

நமது கோரிக்கைகள்:

வாச்சாத்தி தீர்ப்பில் சொன்ன மூன்று மேலதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடு! என்ன எடுத்தாய் என்று வெள்ளை அறிக்கை கொடு!

சேஷாசலம் படுகொலையை ஆந்திரா போலீஸ் தொடாத அமைப்பு விசாரிக்கட்டும்! உத்தரவு போட்டவர் வரை விசாரிக்கட்டும்!

சித்திரவதைத் தடுப்புச் சட்டம் கொண்டு வா! உத்தரவு போட்ட அதிகாரியையும் அதில் சேர்!

சித்திரவதை வழக்குக்கு அரசு அனுமதி தேவை என்பதை நீக்கு!

கீழே இருக்கிற காவலரோ கார்டோ நமக்குப் பகையில்லை. அவர்களில் பாதிப்பேர் நம்ம வீட்டுப் பிள்ளைகள். அவன் கையில் லத்தியைக் கொடுத்துவிட்டு ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறவரை வெளியே கூப்பிடுகிறோம். வந்து பதில் சொல்லட்டும். வாச்சாத்தி தாய்மார்கள் 19 வருஷம் காத்திருந்தார்கள். நாமும் விடமாட்டோம்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!