குழந்தையின் கண்ணில் சிவப்பு ஒளி



"எங்க பையனுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லீங்க, கீழே கிடக்கிற குண்டூசியைக்கூட எடுத்துடுவான்" என்பீர்கள். எடுப்பான்தான். ஆனால் இரண்டு கண்ணாலும் பார்த்து எடுக்கிறானா, ஒற்றைக் கண்ணாலா? நீங்களும் நானும் சும்மா பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணின் பவர் 1, மறு கண்ணின் பவர் 4 என்று ஏறுக்குமாறாக இருக்கும். மங்கலான கண் காட்டுவதை மூளை தள்ளிவிடும். வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்றே இழுத்தால் மற்றது பழக்கம் விட்டுப்போகுமல்லவா, அந்தக் கதைதான். இதற்குச் சோம்பல் கண் என்று பெயர். கண் சிவக்காது, வலிக்காது, பல பேருக்கு மாறுகண்ணும் இராது. பிள்ளையும் சொல்ல மாட்டான்; அவனுக்கு உலகம் என்றைக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கிறது! போலீஸ் வேலைக்குப் போய் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லும்போது குட்டு வெளிப்படும். அப்போது கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை திரும்புவது கடினம். ஏழு வயதுக்குள் பிடித்துவிட்டால் நல்ல பலன் உண்டு.

எப்படிப் பிடிப்பது? மங்கிய வெளிச்சமுள்ள அறையில் குழந்தையை அம்மா மடியில் உட்கார வைப்போம். கண் பார்க்கும் சிறு விளக்குக் கருவியை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, இரண்டு கண்ணிலும் ஒரே சமயத்தில் ஒளி படும்படி பிடிப்போம். உள்ளே போன ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்பும். கருமணிக்குள் செம்புப் பாத்திரம் மின்னுகிற மாதிரி செந்நிறமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும், அல்லது ஒன்றில் பிறைபோல் ஓரமாகவும் தெரிந்தால் சந்தேகம். குழந்தையைத் தொட வேண்டாம், ஊசி இல்லை, ஒரு நிமிடம் போதும். 1962-இல் புரூக்னர் என்ற சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் எழுதிய முறை இது.

இது சல்லடைதான், தீர்ப்பல்ல. இரண்டு கண்ணிலும் ஒரே அளவு பவர் இருந்தால் ஒளியும் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றிவிடலாம். சந்தேகம் வந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் மருத்துவர் அளந்து பார்ப்பார்.

செந்நிறத்துக்குப் பதில் வெள்ளையாகத் தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. கண்புரை இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான கட்டியும் இருக்கலாம். அறுவடை முடியட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணாடி என்றதும் வீட்டுப் பெரியவர்கள், "பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்பார்கள். அம்மா ஒருத்தியால் இதற்குப் பதில் சொல்லி மாளாது. தகப்பனார் முன்னால் நின்று பேச வேண்டும். நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடச் சொன்னால் அதற்கும் அவர் வேண்டும். பலருக்கு தினம் இரண்டு மணி நேரம் போதும் என்பார் மருத்துவர். பிள்ளை அழும், பிய்த்தெறியும். பக்கத்தில் உட்கார்ந்து பாசி கோக்க, அரிசியில் கல் பொறுக்க விளையாட்டுக் காட்டுங்கள்.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். அன்றைக்குக் கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால் கொடுத்து, தூக்கம் தெளிந்த பிறகு கூட்டி வாருங்கள். தூங்குகிற கண்ணில் எதையும் பார்க்க முடியாது.