மலையகத்துத் திருவிழாவில் ஒலியும் ஒளியும்

மாசி மாதம் பிறந்துவிட்டால், மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்துக்குரிய காலம் வந்துவிட்டது என்பது பொருள். மன்மதன் எரிந்த கதையையும் இரதியின் புலம்பலையும் இரவிரவாக ஆடிப் பாடும் அக்கூத்துக்கு உயிரூட்டுவது தப்பு. தீயிற் காய்ச்சிய தோலில் விழும் அடி, ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கும், ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்கும் தானே சென்று சேர்கின்றது. அதற்கு மின்சாரம் வேண்டா, வயரும் வேண்டா. பனியால் தோல் தளர்ந்தால், தப்படிப்பவர் அதனை மீண்டும் தீயிற் காட்டுகின்றார், பழுது நீங்கிவிடுகின்றது. தம் கருவியின் இயல்பையும் நோயையும் மருந்தையும் ஒருங்கே அறிந்தவர் அவர்.

இன்று அதே தோட்டங்களில், சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் திருமண வீட்டுக்கும் வேறு கருவிகள் வந்து இறங்குகின்றன. ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள், அம்பிளிபயர், மிக்சர், மடிக்கணினி, நிறம் மாறும் விளக்குகள் ஆகியவற்றை இயக்குபவரை இளைஞர் டி. ஜே. என்று அழைக்கின்றனர். பெயர் புதிது போலத் தோன்றினும் தொழில் வானொலி நேயர்க்குப் புதியதன்று. வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் இரண்டு இசைத்தட்டு மேசைகளை அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்றிற் பாட்டு ஒலிக்கும்போதே மற்றையதில் அடுத்த பாட்டை ஆயத்தம் செய்து, இடைவெளியின்றி இணைத்துவந்த கலையே இது. மேசைகள் இரண்டும் இன்று கொன்ட்ரோலர் என்னும் ஒரே பலகையிற் சுருங்கியுள்ளன. இசைத்தட்டுகள் மடிக்கணினிக்குள் புகுந்துள்ளன.

இக்கருவிகளை வாங்குவது சிறு செலவன்று. 2021ஆம் ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக விதிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, ஐந்து இலட்சம் ரூபாய் பெறுமதியான கருவித் தொகுதி ஒன்று, கொழுந்து பறிக்கும் ஒருவரின் 500 நாள் உழைப்புக்குச் சமம். நான்கு இளைஞர் கூடிக் கடன்பட்டு வாங்கும் பொருள் முதல் மழையிலேயே பழுதானால், கடன் மட்டுமே எஞ்சும். ஈரத் தரையில் மின்சாரத்தைத் தவறாகக் கையாண்டால், இழப்பு பணத்தோடு நில்லாது. ஆதலின், எதனை வாங்குவது, பழுது நேர்ந்தால் எங்கே தேடுவது என்னும் இரண்டையும் அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

கருவியைத் தேர்வதற்கு முன் இடத்தைத் தேர்ந்தறிதல் வேண்டும். கோயில் முற்றத்தில் நூறு பேர் கூடுவரா, விளையாட்டுத் திடலில் ஆயிரம் பேர் கூடுவரா? கூரை உண்டா, வெட்டவெளியா? எதிரே மலைச்சரிவு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்லல் நன்று. கடைக்காரர் முதலிற் காட்டுவது வாட் என்னும் எண்ணையே. அந்த எண் பெரும்பாலும் மயக்கம் தருவது. பி. எம். பி. ஓ. என்று பெட்டியின்மேல் அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட், கண நேர உச்சத்தைக் கணக்கிற் காட்டும் விளம்பரமே. தொடர்ந்து தாங்கும் வலுவைக் குறிப்பது ஆர். எம். எஸ். என்னும் அளவு. அதனையே கேட்டறிதல் வேண்டும்.

வலுவை இரட்டிப்பாக்கினால் ஓசையும் இரட்டிப்பாகும் என்று எண்ணுவது பிழை. 500 வாட்டை 1000 வாட் ஆக்கினால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே உயரும்; காது அதனைச் சிறிய மாற்றமாகவே உணரும். ஆனால் வெட்டவெளியில், ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்துவிடும். எனவே, மேடையருகில் இருப்போரின் காதை அடைக்கும்படி ஒரே இடத்திற் பெட்டிகளை அடுக்குவதிலும், அவற்றை ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கூட்டத்தை நோக்கிச் சாய்த்து, தொலைவில் இருப்போர்க்கென மற்றொரு சிறிய சோடியை வைத்தல் சிறந்தது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். ஆகவே 34 மீற்றருக்கு அப்பால் வைத்த சோடிக்கு மிக்சரில் செக்கனின் பத்திலொரு பங்கு தாமதம் கொடுத்தால், முன்னிருந்து வரும் சொல்லும் பின்னிருந்து வரும் சொல்லும் ஒன்றோடொன்று மோதா.

மலைநாட்டுக்கு மற்றுமொரு சிறப்பியல்பு உண்டு. 170 மீற்றர் தொலைவில் எதிர்மலை இருந்தால், மேடையில் ஒலித்த சொல் ஒரு செக்கன் கழிந்து எதிரொலியாகத் திரும்பி வரும். பூசகரின் வாழ்த்தும் தலைவரின் உரையும் குழம்புவதற்கு இதுவே காரணம். ஓசையைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். ஸ்பீக்கரை மலையை நோக்காமல் மக்களை நோக்கிக் கீழ்முகமாகத் திருப்புவதே தீர்வு. ஒரு டிவிசனின் பல லயங்களுக்கும் அறிவித்தல் மட்டும் செல்லவேண்டுமாயின், பழைய குழாய் ஒலிபெருக்கியே இன்றும் போதும். 100 வோல்ட் முறையில் நெடுந்தூரம் வயர் இழுத்தாலும் அதில் வலு அதிகம் வீணாவதில்லை.

அடுத்தது கொன்ட்ரோலரும் மென்பொருளும். செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், வர்ச்சுவல் டி. ஜே. முதலியன பலரும் கையாளும் மென்பொருள்கள். கொன்ட்ரோலரை வாங்குமுன், அஃது எந்த மென்பொருளோடு இசைந்து இயங்கும், அம்மென்பொருளுக்குத் தனியே கட்டணம் உண்டா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். தொடங்குவோர்க்கு இரண்டு வழிகளும் ஒரு மைக் இணைப்பும் உள்ள எளிய கொன்ட்ரோலர் போதுமானது. பொத்தான்களின் எண்ணிக்கை கலையை வளர்ப்பதில்லை.

விளக்குகளில் எல். ஈ. டி. வகையே தோட்டத்துக்குப் பொருந்தும். முன்னாளிற் பயன்பட்ட மேடை விளக்கு ஒன்றே 500 வாட், 1000 வாட் என மின்சாரம் உண்டது, வெப்பமும் உமிழ்ந்தது. எல். ஈ. டி. விளக்கு அதன் சிறு பங்கிலேயே நிறங்களைத் தருகின்றது. நீண்ட வயரின் முனையில் மின்னழுத்தம் தளர்ந்து போகும் இடங்களில் இது பெரும் நன்மை. வெட்டவெளிக்கு வாங்கும் விளக்கில், மழை நீர் புகாமைக்கான ஐ. பி. 65 என்னும் குறி உண்டா என்று நோக்குதல் வேண்டும். மூடுபனி நிறைந்த நுவரெலியாவிற் புகை இயந்திரத்தின் செலவை மிச்சப்படுத்தலாம். இயற்கையே அதனை வழங்குகின்றது!

இனி, பழுது தேடும் முறை. தோட்டத்தில் வாழ்வோர் யாவரும் இதனை முன்னரே அறிவர். பீலியில் நீர் வராத நாளில் என்ன செய்வர்? பீலியை உடைத்துப் பார்ப்பதில்லை. குழாய் வழியே மேலே நடந்து, எந்த இடம் வரை நீர் வருகின்றது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று நோக்கி, அடைப்பை நீக்கிவிட்டுத் திரும்புவர். ஒலியும் அவ்வாறே ஓடி வருவது. மடிக்கணினி அதன் ஊற்று. கொன்ட்ரோலர், மிக்சர், அம்பிளிபயர், ஸ்பீக்கர் என்பன அது கடந்துவரும் இடங்கள். ஓசை நின்றவுடன் எல்லாப் பொத்தான்களையும் ஒருங்கே திருகுவோர், இருந்த ஒழுங்கையும் கெடுத்துவிடுவர். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். மிக்சரின் விளக்கு பாட்டுக்கேற்ப ஆடுமாயின், அதுவரை ஒலி வந்துவிட்டது. பழுது அதற்கு அப்பால் உள்ளது. விளக்கு ஆடாதாயின் பழுது அதற்கு முன்னே உள்ளது. பிறகு, நல்லது என்று அறியப்பட்ட ஒரு கேபிளை மாற்றிப் பார்க்கலாம். விலையுயர்ந்த பெட்டியைச் சந்தேகிக்குமுன் மலிவான கேபிளைச் சந்தேகித்தல் அறிவுடைமை.

பாட்டு இடையிடையே வெடித்து ஒலிக்குமாயின் இரண்டு காரணங்களை நோக்குக. மிக்சரிற் சிவப்பு விளக்கு எரியுமாயின், ஒலி அளவுமீறிச் சிதைகின்றது. உடனே குறைத்தல் வேண்டும். சிதைந்த ஒலியை நெடுநேரம் செலுத்தினால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும். சிவப்பு எரியாமலே வெடிப்பு வருமாயின், குறை பெரும்பாலும் மடிக்கணினியில். மென்பொருளில் 'பஃபர்' என்னும் அளவை 256இலிருந்து 512ஆக உயர்த்துதல், இணையத் தொடர்பையும் தானே நடக்கும் புதுப்பித்தலையும் நிறுத்துதல், மின் சேமிப்பு முறையை நீக்குதல் ஆகியவை பயன் தரும். பாட்டுகளின் இரண்டாவது பிரதி ஒன்றைத் தனியே ஒரு பென் டிரைவில் வைத்திருப்பவர், கணினி நின்றாலும் கலங்கார்.

மைக்கைத் திறந்தவுடன் கீச்சென்ற ஒலி எழுமாயின், மைக் ஸ்பீக்கருக்கு முன்னே நிற்கின்றது என்பது பொருள். ஸ்பீக்கரை முன்னும் மைக்கைப் பின்னும் வைத்தால் அது தணியும். விளக்குகள் காரணமின்றி நடுங்குமாயின், அவற்றை ஆளும் டி. எம். எக்ஸ். கேபிளை நோக்குக. மைக் கேபிளை அதற்கு மாற்றாகப் பயன்படுத்தியிருத்தலும், வரிசையின் இறுதி விளக்கில் 120 ஓம் முடிவு இணைப்பு இல்லாமையும் இந்நடுக்கத்துக்குப் பொதுவான காரணங்கள்.

உம்மென்ற இடைவிடாத இரைச்சல் மற்றொரு தொல்லை. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்னும் அளவினது. அந்த 50 ஹேர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளுமே ஸ்பீக்கரில் உம்மென்று கேட்கின்றன. மிக்சரையும் அம்பிளிபயரையும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்னிணைப்புச் செய்தால் இது தோன்றும். இரண்டையும் ஒரே மின்வழியில் இணைத்தாலோ, ஒலி வழியிற் பிரிப்பு மாற்றி ஒன்றை இடையிட்டாலோ இரைச்சல் நீங்கும். சிலர் பிளக்கிலுள்ள புவித்தொடுப்பு வயரையே கழற்றிவிடுகின்றனர். இரைச்சல் அப்போது நின்றுவிடும். ஆனால் காவலும் அதனோடு போய்விடும். பெட்டியின் உலோகத்தில் மின்சாரம் கசிந்தால், மைக்கைப் பிடித்து ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடலே அதற்கு வழியாகும். எக்காரணத்தாலும் அந்த வயரைக் கழற்றலாகாது.

1950ஆம் ஆண்டில் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையகத்து அருவிகள் நாட்டுக்கு ஒளி வழங்கின. ஆயினும் லயத்து அறைகள் பலவற்றுக்கு அவ்வொளி எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. காலம் தாழ்த்தி வந்த மின்சாரம் உயிரைக் கவர விடலாகாது. திருவிழாவுக்கு மின்னிணைப்புச் செய்பவர் தகுதி பெற்றவராக இருத்தல் வேண்டும். 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று மேடைக்கென இருத்தல் வேண்டும். ஜெனரேட்டராயின் அதற்கும் முறையான புவித்தொடுப்பு வேண்டும். பியூஸ் எரிந்தால் வெறும் கம்பியைச் சுற்றுதல், பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சியால் நெருக்கிப் பொருத்துதல் என்பன கைத்திறமையன்று, ஆபத்து. விளக்கலங்காரத்துடன் தேர் செல்லும் பாதையில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை முன்னரே நடந்து பார்த்துக்கொள்ளல் நலம்.

காலநிலையையும் கருதுதல் வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை பொழியும். சித்திரைத் திருவிழாக் காலத்திலோ பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது. முதல் இடி கேட்டவுடன் கருவிகளை மின்வழியிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்த பெட்டியில் ஈரம் படியும். அரை மணி நேரமேனும் திறந்து வைத்திருந்து, பின்னரே மின்சாரம் செலுத்தல் வேண்டும்.

இறுதியாக, பிறர் காதையும் துயிலையும் எண்ணுதல் கடன். இலங்கை உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொது விதியாக்கியது. சிறப்பான சமய நிகழ்ச்சிகளுக்கு, அயலவர் கருத்தறிந்து விலக்கு அளிக்கவும் இடம் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில், இசை நிகழ்ச்சிகளின் சராசரி ஓசை 100 டெசிபெலைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. விடியுமுன் எழுந்து பிரட்டுக் களத்துக்குச் செல்லவேண்டிய தாய்மார் அடுத்த லயத்தில் உறங்குகின்றனர் என்னும் நினைவு இவ்விரண்டினும் மேலான விதியாகும்.

தப்படிப்பவர் தம் தோலை அறிந்தது போல, மடிக்கணினியின் முன் நிற்கும் இளைஞரும் தம் கருவிகளை அறிதல் வேண்டும். அவ்வாறு அறிந்தவர், கூத்து நடக்கும் நாளில் தம் பெட்டிகளை அணைத்துவிட்டு, எதிர்மலை வரை தப்பு தானே ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் அறிவார்.