சம்பளக் கணக்குக்கு ஆள் எடுக்கும்போது

போன வாரம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி யூனிட் நடத்துற அண்ணாச்சி கேட்டார்: “டேலி தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்திருக்கான், சம்பளக் கணக்குக்குப் போட்டுக்கலாமா?” டேலி தெரியுறது நல்லதுதான். ஆனா நம்ம ஊர்ச் சம்பளக் கணக்கு அதுக்குள்ள அடங்காது.

காரணம், இங்க பாதிப் பேருக்குப் பீஸ் ரேட். எத்தனை கட்டை குச்சி அடுக்கினாங்க, எத்தனை பெட்டி அடைச்சாங்கன்னுதான் கூலி. கடலை மிட்டாய்ப் பட்டறையிலும் பாக்கெட் கணக்குதான். 10 பேர் ஆயிட்டா இ.எஸ்.ஐ., 20 பேர் ஆயிட்டா பி.எஃப். இ.எஸ்.ஐ.க்குக் கூலியோட நாள் கணக்கும் காட்டணும். வினையே அந்த நாள் கணக்கில்தான் இருக்கு.

ஒரு யூனிட்டில் நான் பார்த்தது இது. பேர் வேண்டாம். ஒரு அம்மா மாசம் 15 நாள் வந்திருக்காங்க. கணக்கர் அவங்க மொத்தக் கூலியைக் குறைந்தபட்சக் கூலியால வகுத்து, 12 நாள்னு பதிஞ்சிருக்கார். உள்ளபடி 15 நாள்னு போட்டா, ஒரு நாள் கூலி சட்டப்படியான அளவுக்குக் கீழ போயிடும், அதான். முதலாளி கட்டுற தொகை கூலி மேலதானே, அதில் ஒரு பைசா மாறலை. ஆனா ஆறு மாசத்தில் 90 நாள் வரவேண்டியது 72 ஆயிடுச்சு. நோய்க்கால உதவிக்கு அந்தப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேணும். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ, தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்க வேண்டியது கிடைக்கலை.

நம்ம பக்கம் இது இன்னும் மோசம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதே மாசங்கள்லதான் கரிசல்ல மழை பார்த்து உளுந்து, மக்காச்சோளம் விதைப்பு, களையெடுப்பு, அப்புறம் அறுப்பு. பொம்பளையாட்கள் காட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவாங்க. நிஜமான நாளே 78-ஐ ஒட்டித்தான் நிக்கும். அதில் கணக்கர் கை வச்சா என்ன மிஞ்சும்?

அதனால இன்டர்வியூவில் சர்டிபிகேட் கேக்கிறதோட நிறுத்தாதீங்க. போன மாச வருகைப் பதிவேட்டைக் கையில கொடுங்க. “9,000 ரூபாய் வாங்குறவருக்குப் பிடித்தம் போட்டுக் காட்டு தம்பி”ன்னு கேளுங்க. பி.எஃப். 12 சதவீதம் 1,080. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 67 ரூபாய் 50 காசு. அதை 68 ஆக்கணும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 293. அடுத்த கேள்வி: “ஜூன் மாசம் ஒருத்தர் சம்பளம் 21,000-ஐத் தாண்டிருச்சு, உடனே இ.எஸ்.ஐ.யை நிறுத்துவியா?” நிறுத்தக்கூடாது, செப்டம்பர் வரை கட்டணும். இதைச் சொல்லத் தெரியாட்டியும் பரவாயில்லை, கத்துக்கலாம். “பார்த்துச் சொல்றேன் சார்”னு சொல்ற பிள்ளையை நான் எடுப்பேன். தெரியாம உறுதியாப் பேசுறவரை எடுக்கமாட்டேன்.

கடைசியா, “கூலிக்கு ஏத்தமாதிரி நாளைக் குறைச்சுப் போடு”ன்னு சொல்லிப் பாருங்க. என்ன செய்யுறார்னு தெரிஞ்சிடும். (அண்ணாச்சி சிரிச்சார். ‘குறைக்கச் சொல்றதே நாங்கதானப்பா’ன்னார். அப்போ ரேட்டைத்தான் ஏத்தணும், வேற வழி கிடையாது.)

15-ஆம் தேதியும் முக்கியம். தொழிலாளிகிட்டப் பிடிச்ச பணத்தைத் தாமதமாக் கட்டினா, அதை வருமான வரியில் செலவாக் காட்ட முடியாதுன்னு 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பிடிச்ச பணம் முதலாளியோட பணமே இல்லையே.

இன்னொண்ணு, சொந்தக்காரப் பையனை வைக்கிறதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா கணக்குப் போடுறவர் கையிலேயே கூலிப் பணத்தையும் கொடுக்காதீங்க. கூலி வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஆதார்ல ஒரு பேர், பி.எஃப்.ல ஒரு பேர்னு இருந்தா, சேர்ற அன்னைக்கே திருத்தச் சொல்லுங்க. பத்து வருஷம் கழிச்சுப் பணம் எடுக்கப்போற அந்த அம்மா, உங்களையும் தேடிக்கிட்டு அலையணும், கணக்கரையும் தேடிக்கிட்டு அலையணும்.