நம் காலடிகளை எண்ணுவது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'பொழுதுபோக்கும் உடல்நலமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பொழுதுபோக்கு என்றதும் தோட்டம், தபால்தலை, பாட்டு என்று நீட்டி முழக்கலாம். நான் எடுத்துக்கொண்டது அவை எல்லாவற்றையும்விட எளியது. நடை. அதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், துணைகூட வேண்டாம். மின்தூக்கியில் இறங்கிப் புளோக்கின் கீழ்த்தளத்தைத் தாண்டினால் நடைபாதை. சற்றுத் தள்ளிப் போனால் பூங்கா இணைப்புப் பாதை. சிங்கப்பூரில் நடப்பதற்கு இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இந்த எளிய பொழுதுபோக்குக்குள் கடந்த பத்தாண்டுகளில் இரண்டு பேர் நுழைந்திருக்கிறார்கள். ஒருவர் கணினி. இன்னொருவர் அரசாங்கம். இருவருமே நல்லெண்ணத்தோடு வந்தவர்கள்தாம். இருவரும் சேர்ந்து நம் காலடிகளை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். இதில் நமக்குக் கிடைத்தது என்ன, நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு விற்பனைப் பெயர். 1964ல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்கு மறு ஆண்டு, 1965ல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ-கேய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எண்ணும் உலகத்தின் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

2019ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி வயது 72 கொண்ட 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் நடையைக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது அந்த நன்மை மேலும் கூடவில்லை. எனவே முழங்கால் வலியோடு பத்தாயிரத்தை எட்ட முடியவில்லையே என்று கவலைப்படும் பாட்டிமார்கள் சற்று நிம்மதியாக இருக்கலாம். நடப்பதுதான் முக்கியம், எண் இரண்டாம் பட்சம்.

சரி, அரசாங்கம் ஏன் நம் நடையில் அக்கறை காட்ட வேண்டும்? காரணம் இருக்கிறது, அதில் இந்தியர்களாகிய நமக்குப் பெரிய பங்கும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. ஆறு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு விருந்துகளில் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை தேடும் கைகளை எண்ணிப் பார்த்தாலே இது புரிந்துவிடும். 2016ல் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவின் மீது போர் அறிவித்தார். 2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் மூன்று செய்திகளைப் பேசினார். பாலர் பள்ளி, நீரிழிவு, அறிவார்ந்த தேசம். நீரிழிவும் கணினியும் ஒரே உரையில் அடுத்தடுத்து வந்தன. இனி இவை இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முன்பே, 2015ல், சுகாதார மேம்பாட்டு வாரியம் தேசிய அளவில் நடைச் சவாலைத் தொடங்கிவிட்டது. கைப்பட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள். நடந்தால் புள்ளிகள்; புள்ளிகள் சேர்ந்தால் பற்றுச்சீட்டுகள். 2020 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து இன்னொரு திட்டம் வந்தது. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு சவால்களை முடிப்பவர்களுக்கு ஈராண்டில் 380 வெள்ளி வரை பரிசு என்றார்கள். 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் வந்தது. 40 வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

இவையெல்லாம் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. பற்றுச்சீட்டுக்காக நடக்கத் தொடங்கி, பிறகு நடைக்காகவே நடப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கைப்பட்டையைப் பேரனிடம் கொடுத்து ஓடச் சொல்லும் கெட்டிக்காரத் தாத்தாக்களும் இருக்கக்கூடும்! அதிலும் ஒரு நன்மை, பேரனாவது ஓடுகிறான்.

ஆனால், நேயர்களே, அளப்பவருக்கு எப்போதுமே ஓர் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை அன்போடு செலுத்தினாலும் அது அதிகாரம்தான். இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1992ல் நம் பள்ளிகளில் உடல் எடை கூடிய மாணவர்களுக்காக 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் மூன்றையும் தலைகீழாகப் படித்தால் 'குண்டு' என்ற பொருள் வரும். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? பிரிக்கப்பட்ட மாணவர்கள் கேலிக்கு ஆளானார்கள். 2007ல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. நோக்கம் நல்லது. ஆனாலும் அன்று அப்படி வரிசையில் நிறுத்தப்பட்டவர்களில் சிலர், இன்று நாற்பதைத் தொட்ட பிறகும், எடைபார்க்கும் இயந்திரத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். அளக்கப்படுகிறவரின் மனத்தை மறந்துவிட்டால், நல்ல திட்டமும் புண்படுத்திவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி கணினிக்கு வருவோம். தராசு எடையை மறந்துவிடும். கணினி மறப்பதில்லை. நாம் எத்தனை மணிக்கு எழுந்தோம், எங்கே நடந்தோம், இதயம் எப்படித் துடித்தது என்பதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு காரணத்துக்காகச் சேர்த்த தகவல் இன்னொரு காரணத்துக்குப் பயன்படக்கூடும் என்பதை நாம் அண்மையில்தான் கண்ணால் பார்த்தோம்.

கொவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் 'டிரேஸ்டுகெதர்' செயலி வந்தது. நோய் தொற்றியவரோடு நெருங்கி இருந்தவர்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது பயன்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. முதியவர்களுக்குக் கையடக்கக் கருவியும் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் மக்களில் 70 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அந்தத் தகவலைப் பெற முடியும் என்று பதில் வந்தது. ஒரு கொலை வழக்கில் அது கேட்கப்பட்டிருந்தது என்பதும் பிறகு தெரியவந்தது.

கொலைகாரனைப் பிடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மக்களைச் சங்கடப்படுத்தியது அதுவன்று. முதலில் சொன்னது ஒன்று, பிறகு தெரிந்தது வேறொன்று என்பதுதான். அதற்குப் பொறுப்பேற்ற அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தச் சட்டப் பிரிவைத் தாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அந்தத் தகவல் பயன்படும் என்று வரையறுத்தார்கள். 2023ல் கருவிகள் திரும்பப் பெறப்பட்டு, அந்தக் கொலை வழக்கின் தகவல் நீங்கலாக, மற்றவை அழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சொன்ன சொல்லுக்குச் சட்டத்தின் துணை இல்லாவிட்டால், அந்தச் சொல் எத்தனை நல்ல மனத்திலிருந்து வந்தாலும் போதாது என்பது ஒன்று. கேள்வி கேட்டால் விடை கிடைக்கும், சட்டமும் மாறும் என்பது மற்றொன்று. யாரும் கேட்காமல் இருந்திருந்தால், அந்த வரையறை வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

அரசாங்கம் தகவலைத் தவறாகப் பயன்படுத்தாது என்றே வைத்துக்கொள்வோம். திருடன் இருக்கிறானே! 2018ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அவர்களில் அன்றைய பிரதமரும் ஒருவர். நாட்டின் தலைவர் சாப்பிடும் மாத்திரையே வெளியே போகுமென்றால், நம்முடையது எம்மாத்திரம்?

'என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? போனால் போகட்டும்' என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் உடல்நலத்தோடு இருப்பவர்கள். மனநல மருத்துவரைப் பார்க்கும் இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். நம் சமூகத்தில் வலிப்பு நோயைக்கூடத் திருமணம் பேசும்போது மறைக்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இத்தகையவர்களுக்குத் தகவல் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் வந்தால் என்ன செய்வார்கள்? மருத்துவரிடம் போகவே மாட்டார்கள். போனாலும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுவார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் முழு வைத்தியம் செய்ய முடியாது. ஆகவே, அந்தரங்கம் என்பது ஏதோ மேல்நாட்டு ஆடம்பரம் அன்று. அதுவும் மருந்துப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய ஒரு மருந்து. நம்பிக்கை குறைந்தால் உடல்நலமும் குறையும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் நாம் நம் வீட்டுக்குள்ளேயும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் சிங்பாஸ் கணக்கு யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் மகன் கையில், மகள் கையில், சில வீடுகளில் பேத்தி கையில். 'தாத்தா, இங்கே அழுத்துங்க' என்றால் தாத்தா அழுத்துகிறார். எதற்குச் சம்மதம் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு அவருக்கு முன்பே மருமகளுக்குத் தெரிந்துவிடுகிறது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் அவருக்கும் ஒரு கூச்சம் இருக்கும், ஒரு மானம் இருக்கும். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லி, 'இதற்குச் சம்மதமா, தாத்தா?' என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அரசாங்கத் திட்டமானாலும் தனியார் செயலியானாலும் கட்டைவிரலை வைப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தகவலை எடுக்கிறார்கள்? எதற்காக எடுக்கிறார்கள்? வேண்டாம் என்று பிறகு விலகினால், எடுத்த தகவல் என்ன ஆகும்? விடை புரியவில்லையென்றால் மருந்தகத்தில் கேளுங்கள், சமூக மன்றத்தில் கேளுங்கள், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய்க் கேளுங்கள். தனியார் நிறுவனங்களுக்கு 2012ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசாங்க அமைப்புகள் அந்தச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது. தகவலைத் தவறாகக் கையாளும் அதிகாரிக்கு அதில் சிறைத் தண்டனையும் உண்டு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கேட்பது நம் உரிமை. அதை ஏதோ எதிர்ப்பு என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. டிரேஸ்டுகெதர் விவகாரத்தில் பார்த்தோமே, ஒரு கேள்விதான் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது.

திட்டங்களில் சேருங்கள். பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். 2010ல் ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கில் இருந்த நமக்கு அந்த வசதி இல்லை. சேரும்போது தெரிந்து சேருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கைப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடந்து பாருங்கள். அந்த நடைக்குப் புள்ளி கிடைக்காது, பற்றுச்சீட்டும் கிடைக்காது. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அப்போதும் குறையத்தான் செய்யும்.